சுமை சுமந்தவர் தொட்ட சிகரம்

சங்கரன்கோவிலில் வாழும் நமக்கு மலை புதிதன்று. ஊரைக் கடந்து கரிசல் காட்டு வெளிக்கு வந்து மேற்கே நோக்கினால், புளியங்குடிக்கும் வாசுதேவநல்லூருக்கும் அப்பால் மேற்குத் தொடர்ச்சி மலை நீலக் கோடு இழுத்தாற்போல் நீண்டு கிடக்கும். ஆனி, ஆடி மாதங்களில் அதன் தலையில் மேகம் படிந்துவிட்டால், குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது என்று வீட்டுப் பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள். அண்ணாந்து பார்க்கும் நம் கண்களுக்கு அதுவே பெரிய உயரம்.

தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரம் ஆனைமுடி. அதன் உயரம் 2,695 மீட்டர். அந்த ஆனைமுடியின் மேல் இன்னோர் ஆனைமுடியைத் தூக்கி வைத்து, அதற்கும் மேல் மூன்றாவது ஆனைமுடியை அடுக்கினாலும் எவரெஸ்ட்டின் உச்சிக்கு எட்டாது. அத்தனை உயரத்தில் மனிதன் காலூன்ற முடியுமா என்று உலகம் ஐயுற்றிருந்த காலம் ஒன்று இருந்தது. அந்த ஐயத்தை 1953ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் நாள் இருவர் போக்கினர்.

பொது அறிவுப் போட்டிகளில் ஹிலாரி, டென்சிங் என்று அவ்விரு பெயர்களையும் சேர்த்தே சொல்லப் பழகியிருக்கிறோம். ஆனால் இரண்டாவது பெயருக்கு உரியவர் எந்த வழியாக அந்த உச்சிக்கு வந்து சேர்ந்தார் என்பதை நம்மில் பலர் அறியோம். மலையேறுவோரின் மூட்டைகளை நாள் கூலிக்குச் சுமந்தவர் அவர். எழுதப் படிக்க அறியாதவர். ஆறு முறை அதே மலையில் முயன்று, உச்சியைத் தொடாமல் திரும்பியவர். அவருடைய வாழ்க்கையை இவ்வாண்டு மலரில் நம் தோழியருடனும், அருட்சகோதரியருடனும், பெற்றோருடனும் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

யாக் மேய்த்த சிறுவன்

டென்சிங் நோர்கே 1914ஆம் ஆண்டில் பிறந்தார் என்பர். பிறந்த நாளைக் குறித்து வைக்கும் வழக்கம் அந்த மலைமக்களிடம் அன்று இல்லை. எனவே எவரெஸ்ட்டில் ஏறிய மே 29ஆம் நாளையே பின்னாளில் அவர் தம் பிறந்த நாளாகக் கொண்டார். தந்தை மிங்மா, தாய் கின்சோம். பதின்மூன்று பிள்ளைகளில் பதினோராவதாகப் பிறந்தவர் அவர். உடன் பிறந்தோரில் பலர் இளமையிலேயே இறந்துபோயினர். பெற்றோர் முதலில் இட்ட பெயர் நம்கியால் வாங்டி. பின்னர் பௌத்தத் துறவி ஒருவரின் சொற்படி அப்பெயர் டென்சிங் நோர்கே என மாற்றப்பட்டது.

நேபாளத்தின் கும்பு பகுதியிலுள்ள தாமே என்னும் சிற்றூரில் அவர் வளர்ந்தார். உருளைக்கிழங்கும் பார்லியும் விளையும் மண். சடைமயிர் அடர்ந்த யாக் என்னும் மலை எருதுகளே அங்குள்ளோரின் செல்வம். அவற்றை மேய்த்துக்கொண்டு திரிந்த சிறுவனின் கண்முன்னே எப்போதும் வெண்மையாய் நின்றது அந்தப் பெருமலை. உலகம் அதை எவரெஸ்ட் என்றது. அவன் மக்களோ சோமோலுங்மா என்று தெய்வத்தின் பெயரால் அழைத்தனர். தெய்வம் உறையும் இடத்தில் ஏற வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு இருந்ததில்லை.

அம்மலையின் உயரத்தை அளந்த கதைக்கும் நம் தமிழ்நாட்டுக்கும் ஓர் உறவு உண்டு. இந்திய நாடு முழுவதையும் முக்கோணங்களாக வகுத்து அளக்கும் பெரும்பணி 1802ஆம் ஆண்டில் சென்னைப் பரங்கிமலைக்கு அருகில்தான் தொடங்கியது. அங்கிருந்து வளர்ந்த அளவை அரை நூற்றாண்டில் இமயத்தை எட்டியது. வங்கத்துக் கணித அறிஞர் ராதாநாத் சிக்தார் 1852ஆம் ஆண்டில் கணக்கிட்டு, பதினைந்தாம் எண் சிகரமே உலகில் உயர்ந்தது எனக் கண்டார். 1856இல் அதன் உயரம் 29,002 அடி என அறிவிக்கப்பட்டது. 1865இல் நில அளவைத் துறையின் முன்னாள் தலைவர் ஜார்ஜ் எவரெஸ்ட்டின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. 2020ஆம் ஆண்டில் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர்.

டென்சிங்கைப் பெற்றோர் தெங்போச்சே மடத்தில் துறவியாகச் சேர்த்தனர். அங்கே ஒரு லாமா தலையில் அடித்துவிடவே, சிறுவன் வீட்டுக்கு ஓடி வந்துவிட்டான். மடத்து ஏடுகளை விட மலைப்பாதையே அவனுக்கு இனித்தது. 1932ஆம் ஆண்டில், பதினெட்டு வயதில், வீட்டாரிடம் சொல்லாமல் டார்ஜிலிங்குக்குப் புறப்பட்டான். மலையேறும் வெள்ளையர் குழுக்கள் அந்நாளில் டார்ஜிலிங்கில்தான் ஆள் சேர்த்தன.

பன்னிரண்டு அணாக் கூலி

1921 முதல் பிரிட்டிஷ் குழுக்கள் திபெத்தின் வழியே எவரெஸ்ட்டை நாடிச் சென்றுகொண்டிருந்தன. அவர்களின் கூடாரம், உணவு, அடுப்பு, பிராணவாயுக் கலங்கள் அனைத்தையும் சுமந்தவர்கள் ஷெர்ப்பா இன மக்களே. நம் ஊர்ப் பெண்கள் சும்மாடு கூட்டித் தலையில் சுமப்பது போல, அவர்கள் நெற்றியில் பட்டை மாட்டி முதுகில் சுமப்பர். 1922ஆம் ஆண்டில் பனிச்சரிவு ஒன்றில் ஏழு சுமையாட்கள் ஒரே நாளில் மாண்டனர். எவரெஸ்ட் கொண்ட முதல் உயிர்ப்பலிகளில் அவையும் சேர்ந்தவை. 1924இல் உச்சிக்கருகே மறைந்த மாலரி, இர்வின் ஆகியோரின் பெயர்களை உலகம் மனப்பாடமாய் அறியும். அந்த எழுவரின் பெயர்களை அறிந்தவர் எத்தனை பேர்?

1933இல் புறப்பட்ட குழுவில் டென்சிங்குக்கு இடம் கிடைக்கவில்லை. 1935இல் எரிக் ஷிப்டன் தலைமையில் ஒரு குழு புறப்பட்டது. சுமையாட்களைப் பொறுக்கி எடுக்கும் நாளன்று இளைஞர் டென்சிங்கும் வரிசையில் நின்றார். அனுபவச் சான்று ஏதும் அவர் கையில் இல்லை. ஆயினும் அவர் முகத்தில் மலர்ந்த சிரிப்பு ஷிப்டனைக் கவர்ந்ததாம், ஆள் எடுக்கப்பட்டார். நாள் கூலி 12 அணா. பனிக்கோட்டுக்கு மேலே சென்றால் ஒரு ரூபாய். அந்தக் கூலியோடுதான் எவரெஸ்ட்டுடன் அவர் உறவு தொடங்கிற்று.

1936இல் மீண்டும் சென்றார். 1938இல் டில்மன் தலைமையில் மூன்றாம் முறை சென்றபோது, 8,200 மீட்டருக்கும் மேலே அமைந்த முகாம் வரை சுமையோடு ஏறினார். மிக உயரத்தில் பணியாற்றிய ஷெர்ப்பாக்களுக்கு இமாலயக் கழகம் வழங்கிய புலிப் பதக்கம் அவருக்கும் கிடைத்தது. அன்று முதல் அவர் பனிமலைப் புலிகளுள் ஒருவர்.

பிற சுமையாட்கள் கூலிக்காக மலைக்கு வந்தனர். அதில் குறையொன்றுமில்லை, அவர்கள் குடும்பம் பிழைக்க வேண்டுமே! டென்சிங்கும் கூலிக்கே வந்தார். ஆனால் அவர் நெஞ்சில் இன்னொன்றும் இருந்தது. உச்சியைத் தாமே காண வேண்டும் என்ற ஆசை அது. சுமையாள் ஒருவன் அப்படி ஆசைப்படலாம் என்று அந்நாளில் எவரும் எண்ணியிருக்கமாட்டார்கள்.

துயரமும் தோல்வியும்

பின்னர் இரண்டாம் உலகப் போர் வந்தது. மலைக்குழுக்கள் நின்றன. பிழைப்புக்காக டென்சிங் வடமேற்கு எல்லையிலுள்ள சித்ரால் பகுதிக்குச் சென்று படை அதிகாரி ஒருவரிடம் பணி செய்தார். 1939இல் அவருடைய சிறு மகன் இறந்தான். 1944இல் மனைவி தாவா புட்டியும் அங்கேயே கண்மூடினார். பெம் பெம், நிமா என்னும் இரு பெண் குழந்தைகளோடு தனியராய் டார்ஜிலிங் திரும்பினார். அங்கே ஆங் லாமு என்னும் பெண்மணியை மறுமணம் செய்துகொண்டார். வீட்டுவேலைகள் செய்து வந்த அந்த அம்மையார், வருவாயற்ற நாட்களில் குடும்பத்தைத் தாங்கியதோடு, அக்குழந்தைகளைத் தம் குழந்தைகளாகவே வளர்த்தார்.

1947இல் டென்மன் என்பவர் உத்தரவு ஏதுமின்றித் திபெத்துக்குள் நுழைந்து எவரெஸ்ட்டில் ஏறத் துணிந்தார். அது நடவாத காரியம் என்று அறிந்தும் டென்சிங் உடன் சென்றார். கடுங்குளிரிலும் காற்றிலும் அம்முயற்சி பாதியில் முறிந்தது. பிரியும்போது டென்மன் தம் கம்பளிக் குல்லாயை டென்சிங்குக்குக் கொடுத்துச் சென்றார்.

1950இல் நங்க பர்பத் மலையில் தம் குழுவின் வெள்ளை இளைஞர் இருவர் மறைந்ததைக் கண்டார். 1951இல் நந்தாதேவியில் பிரெஞ்சு வீரர் இருவர் உச்சியை நோக்கிச் சென்று திரும்பவேயில்லை. அவர்களைத் தேடும் பொருட்டுக் கடினமான நந்தாதேவி கிழக்குச் சிகரத்தில் டுபோஸ்ட் என்பவருடன் ஏறினார் டென்சிங். தம் வாழ்நாளில் எவரெஸ்ட்டை விடவும் கடினமாயிருந்த ஏற்றம் அதுவே என்று பின்னாளில் அவர் கருதினார்.

லாம்பர்ட் என்னும் தோழர்

இதற்கிடையே காலம் மாறியது. திபெத்தின் வாயில் மூடப்பட்டது. நேபாளத்தின் வாயில் திறந்தது. 1952இல் சுவிட்சர்லாந்துக் குழு தெற்கு வழியாக எவரெஸ்ட்டுக்கு வந்தது. சுமையாட்களின் தலைவராகிய சர்தார் பொறுப்பை டென்சிங்கிடம் அளித்ததோடு, அவரைக் குழுவின் முழு உறுப்பினராகவும் அவர்கள் ஏற்றனர். பதினேழு ஆண்டுகளுக்குப் பின் சுமையாள், மலையேறுபவர் வரிசையில் அமர்ந்தார்.

அக்குழுவில் ரேமண்ட் லாம்பர்ட் என்பவர் இருந்தார். முன்னொரு விபத்தில் கடும்பனியால் கால் விரல்கள் அத்தனையையும் இழந்தவர் அவர். லாம்பர்ட்டுக்கு ஷெர்ப்பா மொழி தெரியாது. டென்சிங்குக்குப் பிரெஞ்சு தெரியாது. இருவருக்கும் தெரிந்த ஆங்கிலமோ சில சொற்கள். ஆயினும் உடன்பிறந்தோர் போல் பழகினர்.

அவ்வளவு உயரத்தில் உடல் படும் பாட்டை நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். எவரெஸ்ட் உச்சியில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கே. ஒரு முறை மூச்சிழுத்தால் நமக்குக் கிடைக்கும் பிராணவாயுவைப் பெற அங்கே மூன்று முறை இழுக்க வேண்டும். தண்ணீர் சுமார் 70 பாகை வெப்பத்திலேயே கொதித்துவிடும். நம் வீட்டு உலைப்பானையை ஏற்றினால் அரிசி வேகாது. பசி எடுக்காது, உறக்கம் வராது. அறிவும் மங்கும். 8,000 மீட்டருக்கு மேற்பட்ட பகுதியை மரண மண்டலம் என்றே மலையேறுவோர் அழைக்கின்றனர். அங்கே மனித உடல் நாளுக்கு நாள் தேய்கிறதே ஒழியத் தேறுவதில்லை.

அந்த மண்டலத்தில், மே 27ஆம் நாள் இரவை லாம்பர்ட்டும் டென்சிங்கும் ஒரு சிறு கூடாரத்தில் கழித்தனர். உறங்கும் பை இல்லை; அடுப்பும் இல்லை. மெழுகுவர்த்திச் சுடரில் தகரக் குவளையைக் காட்டி, உருகிய பனிநீரில் நாவை நனைத்துக்கொண்டனர். உறைந்துபோகாதிருக்க ஒருவரை ஒருவர் தட்டிக்கொண்டே விடியும் வரை விழித்திருந்தனர். காலையில் புறப்பட்டு, ஐந்து மணி நேரத்துக்கும் மேலாகப் போராடி ஏறியது 200 மீட்டரளவே. பிராணவாயுக் கருவி நடக்கும்போது சரியாக இயங்கவில்லை. ஏறத்தாழ 8,600 மீட்டர் உயரம். அதுவரை மனிதர் தொட்டதாகச் சான்றுள்ள இடங்களில் அதுவே மிக உயரமானது. உச்சி இன்னும் 250 மீட்டர்தான்.

தொடர்ந்தால் உச்சியை எட்டியிருக்கக்கூடும். ஆனால் உயிரோடு இறங்கியிருக்க முடியாது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு திரும்பினர். மலையேற்றத்தில் மிகக் கடினமான செயல் இதுதான் என்று நாம் எண்ணுகிறோம். முன்னேற வீரம் வேண்டும். எட்டும் தொலைவில் உச்சி தெரியும்போது திரும்புவதற்கு அதனினும் பெரிய மனவலிமை வேண்டும்.

அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் சுவிஸ் குழு மீண்டும் வந்தது. புயற்காற்றும் குளிரும் விரட்டின. மேலிருந்து விழுந்த பனிக்கட்டிகள் தாக்கி மிங்மா தோர்ஜி என்ற ஷெர்ப்பா உயிரிழந்தார். ஆறாவது முறையும் எவரெஸ்ட் வசப்படவில்லை. பிரியும்போது லாம்பர்ட் தம் சிவப்புக் கழுத்துத்துணியை டென்சிங்குக்குப் பரிசளித்தார். உடல் மெலிந்து, காய்ச்சலோடு டென்சிங் மருத்துவமனையில் படுத்தார்.

ஏழாம் முறை

சில மாதங்களிலேயே ஜான் ஹன்ட் தலைமையில் 1953ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் குழுவிலிருந்து அழைப்பு வந்தது. ஆங் லாமு தடுத்தார். உடம்பு தேறவில்லையே, குழந்தைகளின் கதி என்ன என்று அந்தத் தாயுள்ளம் கவலைப்பட்டதில் வியப்பில்லை. டென்சிங் புறப்படத் துணிந்தார். சிறிய மகள் நிமா, தன் பென்சில் ஒன்றைக் கொடுத்து, மலையுச்சியில் வைக்குமாறு தந்தையிடம் கேட்டுக்கொண்டாள்.

அந்தப் பயணம் கசப்போடு தொடங்கியது. காத்மாண்டில் வெள்ளையர் அறைகளில் தங்க, ஷெர்ப்பாக்களுக்கு வண்டிக் கொட்டகை ஒன்றில் இடம் காட்டினர். கழிப்பிடம் கூட அங்கே இல்லை. ஷெர்ப்பாக்கள் கொதித்தனர். சுவிஸ் குழுவினரோடு ஒரே கூடாரத்தில் சமமாய் உண்டு உறங்கிய டென்சிங்குக்கு அது எவ்வளவு வலித்திருக்கும்! ஆயினும் இரு தரப்புக்கும் நடுவே நின்று அமைதிப்படுத்தும் கடமை அவருடையதே. அதைச் செய்தார்.

350க்கும் மேற்பட்ட சுமையாட்கள் பொருள்களைச் சுமந்து மலையடிவாரம் சேர்த்தனர். கும்பு பனியாற்றில் ஒரு நாள், ஹிலாரி தாண்டிக் குதித்த பனிப்பிளவின் விளிம்பு உடைந்து அவர் உள்ளே விழுந்தார். பின்னால் வந்த டென்சிங் நொடியில் பனிக்கோடரியை ஊன்றி, கயிற்றைச் சுற்றி இறுக்கிப் பிடித்தார். அந்தப் பிடி தளர்ந்திருந்தால் வரலாறு வேறாகியிருக்கும். அன்று முதல் அவ்விருவரும் இணையாயினர்.

மே 26ஆம் நாள் போர்டில்லன், எவன்ஸ் இருவரும் தென்முனைச் சிகரம் வரை சென்று, உச்சிக்கு ஏறத்தாழ 100 மீட்டர் கீழே களைத்துத் திரும்பினர். 28ஆம் நாள் லோ, கிரெகரி, ஆங் நீமா ஆகிய மூவர் சுமை தூக்கி உடன்வர, 8,500 மீட்டர் உயரத்தில் கடைசிக் கூடாரம் எழுந்தது. மூவரும் இறங்கிவிட, இருவர் மட்டும் தங்கினர். விடியற்காலையில் ஹிலாரியின் காலணிகள் கல்லாய் உறைந்திருந்தன. அடுப்பில் காட்டி இளக்கிய பிறகே புறப்பட முடிந்தது. செங்குத்தான பாறை ஒன்றைத் தட்டுத் தடுமாறிக் கடந்தனர். காலை 11.30 மணிக்கு, ஏறுவதற்கு மேலும் இடமில்லை.

அந்நேரம் டென்சிங் அணிந்திருந்தவற்றை நாம் நினைத்துப் பார்ப்போம். காலில் ஆங் லாமு பின்னிய காலுறை. தலையில் டென்மன் தந்த குல்லாய். கழுத்தில் லாம்பர்ட்டின் சிவப்புத்துணி. உச்சியை அடையாதவர்களையும், வீட்டில் இருந்து வேண்டிக்கொண்டவர்களையும் அவர் தம்மோடு ஏற்றிச் சென்றார் என்றே சொல்லத் தோன்றுகிறது. ஐக்கிய நாடுகள், பிரிட்டன், நேபாளம், இந்தியா ஆகியவற்றின் கொடிகளைப் பனிக்கோடரியில் கட்டி உயர்த்தினார். ஹிலாரி படம் எடுத்தார். இனிப்புகளையும் நிமாவின் பென்சிலையும் பனியில் புதைத்துத் தம் தெய்வத்துக்குக் காணிக்கையாக்கினார் டென்சிங். ஹன்ட் கொடுத்தனுப்பிய சிறு சிலுவையை அதனருகே வைத்தார் ஹிலாரி. கால் மணி நேரத்துக்குப் பின் இருவரும் இறங்கத் தொடங்கினர்.

முதலில் கால் வைத்தவர் யார்?

கீழே இறங்கியதும் டென்சிங்கின் மேல் வேறொரு சுமை ஏறியது. முதலில் உச்சியில் கால் வைத்தவர் யார் என்று உலகம் துளைத்துக் கேட்டது. அவர் நேபாளியா, இந்தியரா என்று இரு நாட்டாரும் இழுத்தனர். நேபாளம் தம்மைக் கருவில் சுமந்தது என்றும் இந்தியா மடியில் வளர்த்தது என்றும் சொல்லி இரண்டையும் அவர் போற்றினார். ஹன்ட்டுக்கும் ஹிலாரிக்கும் பிரிட்டிஷ் அரசு சர் பட்டம் வழங்கியது. டென்சிங்குக்குக் கிடைத்தது ஜார்ஜ் பதக்கம். இந்த வேறுபாடு அன்று பலர் மனத்தை உறுத்தியது.

ஹிலாரியும் டென்சிங்கும் இருவரும் சேர்ந்தே ஏறினோம் என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லாதிருந்தனர். ஆனால் வதந்திகள் ஓயவில்லை. 1955இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் டென்சிங் உண்மையைத் தெளிவாக்கினார். முதலில் கால் வைத்தவர் ஹிலாரி. அடுத்த அடியில் தாம். தமக்குப் புகழ் சேர்க்கும் பொய்யை நம்பக் கோடிக்கணக்கானோர் காத்திருந்தபோது, அதை மறுத்து உண்மை கூறுவதும் ஒரு சிகரமன்றோ!

ஆசிரியரான சுமையாள்

பிரதமர் ஜவாஹர்லால் நேரு டென்சிங்கிடம் தனி அன்பு காட்டினார். 1954ஆம் ஆண்டு நவம்பர் மாதம் டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சிக் கழகம் தொடங்கப்பட்டது. சுவிட்சர்லாந்தில் பயிற்சி பெற்றுத் திரும்பிய டென்சிங் அதன் களப்பயிற்சி இயக்குநரானார். 1976 வரை அப்பணியில் இருந்தார். பள்ளி வாயிலை மிதியாதவர் நாட்டின் இளைஞர்க்கு ஆசிரியரானார். கயிற்றை எப்படி முடிவது, பனியை எப்படிப் படிப்பது, எப்போது திரும்புவது என்பவற்றை அங்கே இளைஞர் கற்றனர். 1959இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது அளித்தது. அவருடைய மருமகன் முறையான நவாங் கொம்பு 1963இலும் 1965இலும் எவரெஸ்ட்டில் ஏறி, இருமுறை ஏறிய முதல் மனிதரானார்.

தமக்குக் கிட்டாத கல்வி தம் பெண்மக்களுக்குக் கிட்ட வேண்டும் என்பதில் டென்சிங் உறுதியாயிருந்தார். டார்ஜிலிங்கில் அருட்சகோதரியர் நடத்திய லொரெட்டோ கான்வென்ட் பள்ளியில் அவர்களைச் சேர்த்தார். அதே பெண்கள், 1959இல் சோ ஓயூ மலைக்குச் சென்ற பன்னாட்டு மகளிர் குழுவில் இடம் பெற்றனர். அக்குழுவின் தலைவி க்ளோட் கோகன் உட்படச் சிலர் பனிச்சரிவில் உயிர் துறந்த துயரம் நிகழ்ந்தாலும், பெண்கள் தாமே குழு அமைத்து 8,000 மீட்டர் மலைக்குச் சென்றது அந்நாளில் அரிய துணிவாகும்.

1986ஆம் ஆண்டு மே 9ஆம் நாள் டார்ஜிலிங்கில் டென்சிங் காலமானார். அப்போது டில்லியில் நியூசிலாந்தின் தூதராயிருந்த ஹிலாரி இறுதிச் சடங்குக்கு வந்து தோழருக்கு விடை கொடுத்தார். டென்சிங்கின் உடல் அவர் பணியாற்றிய பயிற்சிக் கழக வளாகத்திலேயே எரியூட்டப்பட்டது.

மாறிய மலை

டென்சிங் ஏறிய மலை இன்று பெரிதும் மாறிவிட்டது. 1975இல் ஜப்பானின் ஜுன்கோ தபேய் எவரெஸ்ட்டில் ஏறிய முதல் பெண்ணானார். 1978இல் மெஸ்னரும் ஹாபெலரும் பிராணவாயுக் கலம் இல்லாமலே உச்சியைத் தொட்டு, மருத்துவ அறிஞர்களை வியக்க வைத்தனர். 1984ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் நம் நாட்டின் பச்சேந்திரி பால் ஏறினார். 2023ஆம் ஆண்டு அதே மே 23ஆம் நாள், நமக்கு அண்டையிலுள்ள விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி, எவரெஸ்ட்டில் ஏறிய முதல் தமிழ்நாட்டுப் பெண் என்னும் பெருமை பெற்றார். நம் பக்கத்து மண்ணின் பெண் அவர் என்பதில் நாம் மகிழாமல் இருக்க முடியுமா?

ஆனால் மாற்றம் முழுவதும் மகிழ்ச்சிக்குரியதன்று. 1990களுக்குப் பின், பணம் செலுத்தினால் அழைத்துச் செல்லும் நிறுவனங்கள் பெருகின. அடிவாரத்திலிருந்து உச்சி வரை கயிறு கட்டப்படுகிறது. பனிப்பிளவுகளின் மேல் அலுமினிய ஏணிகள் போடப்படுகின்றன. 1996ஆம் ஆண்டு மே மாதப் புயலில் எட்டுப் பேர் மடிந்தனர். 2019இல் உச்சிக்கருகே மனிதர் வரிசையாய் நெருக்கியடித்து நின்ற படத்தைக் கண்டு உலகம் திகைத்தது. மரண மண்டலத்தில் வரிசையில் காத்திருப்பது உயிரை ஒவ்வொரு மணியாய்ச் செலவிடுவதாகும். இதுவரை 7,000 பேருக்கு மேல் ஏறியுள்ளனர். 300 பேருக்கு மேல் மாண்டுள்ளனர். வெப்பம் கூடிப் பனியாறுகள் இளகுவதும், மலையில் குப்பை சேர்வதும் புதிய துன்பங்கள்.

மாறாத ஒன்றும் உண்டு. அந்தக் கயிற்றைக் கட்டுபவர் யார்? ஏணியைப் போடுபவர் யார்? பிராணவாயுக் கலங்களை மேலே சேர்ப்பவர் யார்? இன்றும் பெரும்பாலும் ஷெர்ப்பாக்களும் அவர்களோடு உழைக்கும் நேபாள மலைமக்களுமே. விருந்தினராய் வருபவர் சில முறை கடக்கும் கும்பு பனிவீழ்ச்சியை அவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் பலமுறை சுமையோடு கடக்கின்றனர். 2014ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் அங்கே சரிந்த பனியில் அத்தகைய தொழிலாளர் பதினாறு பேர் மாண்டனர். 1922இன் எழுவருக்கு நேர்ந்ததே அவர்களுக்கும் நேர்ந்தது. உயிரிழந்தோர் குடும்பங்களுக்கு நீதி கேட்டு ஷெர்ப்பாக்கள் அவ்வாண்டு மலையேற மறுத்தனர்.

எனினும் டென்சிங் இட்ட விதை வீண்போகவில்லை. மலையேற்றப் பயிற்சி பெற்று, தாமே நிறுவனம் நடத்தி, தம் பெயரால் சாதனை புரியும் ஷெர்ப்பாக்கள் இன்று பலர். காமி ரீட்டா ஷெர்ப்பா 2025ஆம் ஆண்டு மே மாதம் 31ஆவது முறையாக எவரெஸ்ட்டில் ஏறினார். உலகின் இரண்டாவது உயரமான கே2 சிகரத்தில் குளிர்காலத்தில் யாராலும் ஏற முடியாதிருந்தது. 2021ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் நேபாளியர் பத்துப் பேர் அதில் ஏறினர். ஒன்பதின்மர் ஷெர்ப்பாக்கள், ஒருவர் மகர் இனத்தவர். உச்சிக்குச் சற்றுக் கீழே அவர்கள் நின்றனர். பின்னால் வருவோர் வந்து சேரும் வரை அந்தக் கொடுங்குளிரில் காத்திருந்தனர். பிறகு பத்துப் பேரும் தோளோடு தோள் சேர்ந்து ஒன்றாக நடந்து உச்சியில் கால் வைத்தனர். முதலில் கால் வைத்தவர் யார் என்ற கேள்வியை அவர்களிடம் எவரும் கேட்க முடியாது.

டென்சிங்கை வாழ்நாளெல்லாம் வருத்திய கேள்விக்கு இதைவிட நல்ல விடை வேறில்லை என்று நமக்குத் தோன்றுகிறது.

அன்புத் தோழியரே! தேர்வு முடிவுகள் வரும் நாளில் நாம் மேடையேறிப் பரிசு பெறலாம். அந்த மேடை வரை நம்மைச் சுமந்து வந்தவர்கள் யார் யார்? விடியுமுன் எழுந்து கட்டுச்சோறு கட்டிக் கொடுத்த தாய், விசைத்தறிச் சத்தத்தில் இரவெல்லாம் விழித்த தந்தை, நம் பிழைகளைச் சலிக்காமல் திருத்திய ஆசிரியைகள், நாம் வருமுன்னே வகுப்பறையைப் பெருக்கி வைத்த அம்மா. அவர்கள் பெயர் பரிசுப் பட்டியலில் இராது. நாமாவது அவர்களை மறவாதிருப்போம். தவறிய தேர்வுக்காகத் துவண்டு நிற்கும் தோழி யாரேனும் நம்மிடையே இருந்தால், ஆறு முறை திரும்பி ஏழாம் முறை ஏறியவரை அவளுக்கு நினைவூட்டுவோம். அடுத்த முறை மேற்கே அந்த நீலமலையைப் பார்க்கும்போது, நெற்றிப் பட்டையில் சுமை தாங்கி, முகத்தில் சிரிப்போடு ஏறிச் சென்ற அந்த மனிதர் நம் நினைவுக்கு வரட்டும்.